முதலில் பெட்டி, பிறகு கேமரா

நடந்தவை, வரிசையாக:

1. கண்மாய் மடையின் அடியில் கல் அரித்துப் போயிருக்கிறது என்று சவரிமுத்து சொன்னார். அதிகாரி நம்பவில்லை.
2. தண்ணீருக்குள் படம் எடுத்துக் காட்டுகிறேன் என்று நான் சொன்னேன்.
3. முதல் படத்திலேயே அலுவலகத்தின் நல்ல கேமராவை மூழ்கடித்தேன். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது.
4. மட்டமான கேமராவில் அடுத்த படம். மங்கல்.
5. மூன்றாவது படம் தெளிவாக வந்தது. அதையும் நம்பவில்லை.
6. நான்காவது படத்தில் ஒரு பூட்டு இருந்தது.

இந்தப் பாசனப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் வந்த அன்றே என்னிடம் கேட்டது ஒன்றுதான்: தண்ணீருக்குள் படம் எடுக்க எந்தக் கேமரா நல்லது? நானும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன். அதனால்தான் மேலே மூன்றாவது வரி இருக்கிறது. அடுத்த மாதம் எனக்கு மாற்றல். போவதற்கு முன் எழுதி வைக்கிறேன். முப்பது வயதுகூட ஆகாதவள் அனுபவம் சொல்ல உட்கார்ந்துவிட்டாளே என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். ஒரு கேமராவைக் கொன்றதைப் பற்றிச் சொல்ல நரைத்திருக்க வேண்டியதில்லை.

தாடிக்கொம்பைத் தாண்டி இருக்கும் ஒரு கண்மாய் அது. ஊர்ப் பெயர் வேண்டாம். புரட்டாசி மாதம், பாதிக்கு மேல் தண்ணீர். மடையை இறுக மூடிய பிறகும் வயல் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ கிளை சிக்கியிருக்கும் என்று சவரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். கிணற்றில் விழுந்த வாளி, குடம், சில சமயம் தாலிக்கொடி என்று மூச்சடக்கி மூழ்கி எடுத்துத் தருவது அவர் தொழில். மடை வேலைக்கும் அலுவலகப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பதினான்கு அடி ஆழம். மூன்று முறை மூழ்கினார். மேலே வந்து வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"கிளையெல்லாம் ஒண்ணும் இல்லைங்கய்யா. அடிக்கல்லே இல்ல. கையை விட்டா தோள்பட்டை மட்டுக்கும் போகுது. காலை உள்ள இழுக்குது."

"கண்ணால பாத்தியா?" என்றார் அதிகாரி.

"அந்தச் செம்மண் தண்ணிக்குள்ள கண்ணு எதுக்குங்கய்யா? அங்கன எல்லாம் கைதான்."

"அப்ப பாக்கல."

"பாக்கலங்கய்யா. தொட்டேன்."

"காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?"

அதிகாரி கரையிலேயே நின்று பதிவேட்டில் எழுதினார்: 'மடை பார்வையிடப்பட்டது. குறை இல்லை.' அதோடு நிற்கவில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வருபவர் என்று சொல்லி, ஆட்கள் பட்டியலில் சவரிமுத்துவின் பெயரையும் அடித்தார். இனி எந்தக் கண்மாய்க்கும் அவரைக் கூப்பிடக் கூடாது.

கரைக்கு நேர் கீழே வெள்ளையம்மாவின் மல்லிகைத் தோட்டம். அதற்கடுத்து அவர் வீடு. அவர் விடவில்லை. "ஐப்பசி மழையில கண்மாய் நெறஞ்சா அந்த ஓட்டை சும்மா இருக்குமாய்யா? கரை போச்சுன்னா மொதல்ல என் கொடி, அப்புறம் என் வீடு. நீங்க திண்டுக்கல்லுல தூங்குவீக."

"அப்ப தண்ணி அம்புட்டையும் வடிச்சுட்டுப் பாத்துருவமா?" என்று அதிகாரி கேட்டார். வடித்தால் அந்த வருடம் நெல் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

நான் அப்போது இந்த அலுவலகத்தில் வரைவாளர். மடையின் வரைபடத்தை டிரேசிங் துணியில் படியெடுத்தவள் நான்தான். பட்டயப் படிப்பு முடித்து இரண்டு வருடம். "படம் எடுத்துக் காட்டுகிறேன், சார்" என்றேன்.

"கண்மாய்க்குப் போட்டோவா? அதுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களாம்மா?" எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு அவரே சொன்னார்: "படம் வரட்டும். ரிப்பேர் எஸ்டிமேட்ல அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்." அந்த வாக்கியத்தை அப்படியே என் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் நின்ற எட்டுப் பேரின் பெயர்களையும் எழுதிக்கொண்டேன். இது உங்களுக்கு முதல் யோசனை. கேலியாகச் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் வெளிநாட்டுக் கேமரா ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுப்பதற்கு ஐந்து காரணங்கள் எழுதினேன். நல்ல லென்ஸ், வேகமான ஷட்டர், தூரத்தைத் துல்லியமாக வைக்கலாம், கையடக்கம், மங்கிய வெளிச்சத்திலும் எடுக்கலாம். ஐந்தும் சரி. ஐந்திலும் தண்ணீர் என்ற சொல்லே இல்லை. கேமராவுக்கு அளவெடுத்து ஒரு தகரப் பெட்டி, முன்னால் கண்ணாடி, மூடியைச் சுற்றி சைக்கிள் டியூப் ரப்பர். அலுவலகத் தொட்டியில் முக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்தத் தொட்டியின் ஆழம் ஒன்றரை அடி.

பதினான்கு அடியில் தகரம் உள்வாங்கியது. ரப்பர் விலகியது. சவரிமுத்து மேலே கொண்டுவந்தபோது பெட்டிக்குள் கண்மாய் இருந்தது.

"டிராயிங்கம்மா, உங்க பெட்டி என்னையவிட நல்லா குடிக்குது" என்றார். பட்டியலில் பெயர் இல்லாதவர். என் வார்த்தைக்காக மட்டும் வந்தவர். அன்று அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

குறிப்பாணை மறுநாளே வந்தது. அலுவலகச் சொத்து சேதமானது எப்படி என்று விளக்கம் எழுத வேண்டும். சக ஊழியர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு, "முக்குனவன் கை தவறி மூடி கழண்டுருச்சுன்னு எழுதிடுங்க. அவன்தான் பட்டியல்லயே இல்லையே" என்றார். நான் எழுதியது மூன்று வரி: 'பெட்டி கசிந்தது. பரிசோதித்தது நான். பரிசோதனை போதாது.' அதிகாரி அதைப் படித்துவிட்டு, "இம்புட்டுதானா?" என்றார். "இவ்வளவுதான் சார் நடந்தது" என்றேன்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தண்ணீருக்குள் போவது கேமரா இல்லை, பெட்டி. எந்த ஆழத்துக்குப் போகிறோம், அங்கே வேலை செய்யப் போகும் கை யாருடையது, அந்தக் கைக்கு எந்த அசைவு எளிது என்று பெட்டியை முதலில் தீர்மானியுங்கள். பெட்டி முடிவான பிறகு, அதற்குள் அடங்கி, கெட்டுப் போனாலும் அழ வேண்டியிராத கேமராவைத் தேடுங்கள்.

திண்டுக்கல்லில் தண்ணீர் புகாத பெட்டி செய்தவர் யாரும் இல்லை. ஆனால் பூட்டு செய்பவர்கள் இருந்தார்கள். நான் போன பட்டறை ஆசாரி என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஏந்தாயி, பூட்டுன்னா திருடன் வருவான். இதுக்கு யாரு வருவா?"

"தண்ணி வரும்ணே."

"அப்ப திருடனைவிடக் கெட்டிக்காரன்தான்" என்று சொல்லி, தகரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பித்தளைத் தகடு எடுத்தார். ஷட்டரை வெளியிலிருந்து எப்படி இயக்குவது என்று நான் மூன்று வழிகள் வரைந்திருந்தேன். அவர் நான்காவது வழி சொன்னார். சாவி. பெட்டியின் பக்கத்தில் கொழுப்புத் தடவிய நூலைச் சுற்றித் திணித்த ஒரு துளை, அதன் வழியாக ஒரு சாவித்தண்டு. அரைச் சுற்றுத் திருப்பினால் ஷட்டர் விழும். இருட்டில் பூட்டைத் திறக்காத கை உண்டா? சவரிமுத்துவுக்கு ஒரு முறைகூட விளக்க வேண்டியிருக்கவில்லை.

பரிசோதனையும் ஆசாரியுடையதுதான். கேமராவுக்குப் பதிலாகப் பெட்டிக்குள் பொரித்த அப்பளம் ஒன்றை வைத்து மூடினார். கல்லைக் கட்டி, முப்பது அடித் தண்ணீர் நின்ற கிணற்றில் இறக்கினோம். ஒரு மணி நேரம். ஈரம் ஒரு துளி இல்லாவிட்டாலும் நமுப்பு இருந்தால் அப்பளம் காட்டிக்கொடுத்துவிடும். முதல் நாள் அப்பளம் வளைந்தது. நூலை மாற்றித் திணித்தார். இரண்டாம் நாளும் வளைந்தது. மூன்றாம் நாள் எடுத்து உடைத்தபோது கேட்ட சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சவரிமுத்து அதைத் தின்றுவிட்டு, "உப்புக் கொஞ்சம் தூக்கல், பெட்டி சரி" என்றார்.

கேமராவை ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் கடன் வாங்கினேன். குழந்தைகளுக்கு வாங்கித் தரும் சாதாரணப் பெட்டிக் கேமரா. தூரம் வைக்க வழியில்லை, வேகம் மாற்ற வழியில்லை. கெடுவதற்கு அதில் எதுவுமே இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. கிட்டத்தில் உள்ளது தெளிவாக விழ, மூக்குக் கண்ணாடிக் கடையில் வாங்கிய வில்லை ஒன்றை முன்னால் பொருத்தினேன். வெளிச்சத்துக்குப் பெட்டிக்குள்ளேயே தனி அறையில் ஒரு பிளாஷ் பல்பு, சாவியைத் திருப்பும்போது ஒரே ஒரு முறை எரிந்து தீர்ந்துவிடும். ஒரு மூழ்கலுக்கு ஒரு படம். அவ்வளவுதான்.

கலங்கல் தண்ணீரை என்ன செய்வது? அதற்கும் கேமரா பதில் சொல்லாது. பெட்டிக்கு முன்னால் ஒன்றரை அடி நீளத்தில், விரிந்துகொண்டே போகும் தகரக் கூடு ஒன்றைப் பொருத்தி, அதன் வாயையும் கண்ணாடியால் அடைத்து, உள்ளே காய்ச்சி ஆறவைத்த தெளிந்த தண்ணீரை நிரப்பினேன். அந்த வாயைக் கல்லோடு ஒட்டி வைத்தால் கேமராவுக்கும் கல்லுக்கும் நடுவே கண்மாய் இல்லை, குடிதண்ணீர்தான். "கண்மாய்க்குள்ளேயே தண்ணி சுமந்துக்கிட்டுப் போற மொத ஆளு நான்தான்" என்று சவரிமுத்து ஊரெல்லாம் சொன்னார்.

இவ்வளவும் செய்துவிட்டு, தவறு என் கணக்கில் நடந்தது. வில்லைக்குத் தெளிவு ஒன்றரை அடியில். கூடும் ஒன்றரை அடி. பொருந்துகிறது என்று நினைத்தேன். தண்ணீர் வழியாகப் பார்க்கும்போது பொருள் முக்கால் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும் என்பதற்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். கரையில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. படம் வெறும் வெளுப்பும் கறுப்புமாக வந்தது. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது மடையா, பௌர்ணமியா?" என்றார். கூட்டை இரண்டடியாக நீட்டினேன். படித்தது தெரிந்திருந்தால் மட்டும் போதாது, தண்ணீர் ஓரத்தில் நிற்கும்போது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது படத்தில் ஓட்டை தெரிந்தது. உடைந்த கல்லின் விளிம்பு, அதற்கு அப்பால் இருட்டு. அதைக் கொண்டுபோன அன்று வெள்ளையம்மாவும் நான்கைந்து பேரும் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள்.

அதிகாரி சிரித்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. எந்த ஊர்க் கிணறு இது? அந்த ஆளுக்குக் கிணத்துக்கா பஞ்சம்?"

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றும் பட்டது. எங்கே எடுத்தது என்று சொல்லாத படம் படமே இல்லை. எதிர்த்துப் பேசுபவர் பேச்சில் ஒரு துளி நியாயம் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பக்கம்தான் வேலை செய்யும்.

"சார், உங்கள் பூட்டைக் கொடுங்கள்" என்றேன்.

"என்னது?"

"அந்த அலமாரிப் பூட்டு. எண் பொறித்தது. கொண்டியை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், திறக்கச் சாவி வேண்டும். சாவி உங்களிடமே இருக்கட்டும். அதை மடையில் மாட்டிப் படம் எடுக்கிறேன்."

அவர் தயங்கினார். வெள்ளையம்மா விடவில்லை. "குடுங்கய்யா. பூட்டுதானே கேக்குது, புள்ளையையா கேக்குது?"

எல்லோர் முன்னாலும் பூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "முடிஞ்சா மாட்டுங்க" என்றார்.

எங்கே மாட்டுவது என்பதை நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். குப்பை உள்ளே போகாமல் மடையின் வாயில் ஓர் இரும்புக் கிராதி உண்டு. அதன் அடிக்கம்பி கட்டுமானத்துக்குள் அரையடி புதைந்திருக்கிறது என்று வரைபடம் சொல்கிறது. அந்த வரைபடத்தின் கீழே அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது. கல் இருந்தால் அடிக்கம்பியைச் சுற்றி ஒரு நூல்கூட நுழையாது. பூட்டின் கொண்டி நுழைந்தால்?

"அண்ணே, அடிக்கம்பி கைக்குத் தட்டுப்படுமா?" என்று சவரிமுத்துவிடம் கேட்டேன்.

"அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே அன்னைக்கு நான் திரும்பி வந்தேன்" என்றார்.

மறுநாள் மழை தொடங்கிவிட்டது. ஒரே நாளில் தண்ணீர் நான்கடி ஏறியது. ஆழம் கூடக்கூட ஓட்டை இழுக்கும் வேகமும் கூடும். சவரிமுத்துவின் இடுப்பில் கயிறு. மறுமுனை என் கையிலும் இன்னும் இருவர் கையிலும். நான் எண்ணுவேன். அறுபதில் எதுவானாலும் இழுத்துவிடுவோம். கயிறு விறைத்தால் எண்ணிக்கை பார்க்காமல் இழுப்போம். இது ஒப்பந்தம்.

முதல் மூழ்கலில் பூட்டை மாட்டிவிட்டு நாற்பத்தெட்டில் வந்தார். விரலில் இரத்தம். "போட்டாச்சு. இனி அய்யாவே வந்தாத்தான் கழட்ட முடியும்." பிறகு பெட்டியோடு மறுபடி இறங்கினார். முப்பத்தொன்றில் கயிறு விறைத்தது. ஒரே ஒரு விறைப்பு, அவர் தானாகவே திரும்பியதாகக்கூட இருக்கலாம். இழுக்கச் சொன்னேன்.

மேலே வந்ததும் கத்தினார். "ஏந்தாயி! சாவியில கை வச்சுட்டேன். செத்த நேரம் பொறுத்திருந்தா முடிஞ்சிருக்கும்ல!"

"கயிறு விறைச்சதுண்ணே."

"காலு லேசா உள்ள போச்சு. எடுத்துருப்பேன்."

"இன்னைக்குப் போதும்."

கரையில் நின்றவர்கள் பாய்ந்தார்கள். மேகம் தலைக்கு மேல் நிற்கிறது, நாளைக்கு இன்னும் ஏறும், டிராயிங்கம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. வெள்ளையம்மாகூட, "என் வீட்டுக்கு நீ பதில் சொல்வியா?" என்றார். சவரிமுத்துவே, "நான்தானே போறேன், நீங்களா போறீக?" என்றார். எல்லோரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆமாம், பயந்தேன். அவரைப் பொய்யர் இல்லை என்று காட்டத்தான் அங்கே வந்தோம், பிணமாகக் காட்ட இல்லை. கயிற்றைச் சுருட்டி என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். கயிறு இல்லாமல் அவர் இறங்க மாட்டார் என்று தெரியும்.

அந்த மாலை முழுவதும் உட்கார்ந்து யோசித்ததில் தெரிந்தது இதுதான்: கயிறு மேலேயிருந்து வந்தது, இழுப்போ பக்கவாட்டில். மறுநாள் காலையில் வாழைமரத் தெப்பம் ஒன்றை மடைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி, அங்கிருந்து இரண்டாவது கயிறு கட்டினோம். அது அவரை ஓட்டையிலிருந்து விலக்கியே பிடித்திருந்தது. தண்ணீர் இன்னும் ஓரடி ஏறியிருந்தது. நாற்பத்தைந்தில் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் மின்னி மறைந்தது. ஐம்பத்திரண்டில் அவர் தலை தெரிந்தது. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

படத்தை நானே கழுவினேன். கிராதி, அடிக்கம்பி, அதில் தொங்கும் பூட்டு, பூட்டில் நான்கு இலக்கங்கள். பின்னால் ஓட்டை.

அதிகாரி படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி இலக்கங்களைப் படித்தார். "பூட்டு நம்மளுதுதான்" என்றார். பிறகு, "இது மேல் கம்பியா இருக்கும்" என்றார்.

வரைபடத்தைப் பக்கத்தில் விரித்தேன். "மேல் கம்பிகளுக்குக் குறுக்கே பட்டை உண்டு சார். இதில் இல்லை. சந்தேகம் இருந்தால் சாவியைக் கொடுத்து நீங்களே ஓர் ஆளை அனுப்புங்கள். அவர் கழற்றிக்கொண்டு வரட்டும். ஆனால் கழற்ற வேண்டுமானால் அவரும் அந்த ஓட்டைக்குள் கையை விட வேண்டியிருக்கும்."

கதவருகே நின்ற சவரிமுத்து மெதுவாகச் சொன்னார்: "கண்ணை மூடிக்கிட்டே கழட்டலாங்கய்யா."

குறிப்பேட்டை எடுத்து எட்டுப் பெயர்களோடு அந்த வாக்கியத்தைப் படித்தேன். அதிகாரி எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டார். மூன்று நாட்களில் மண் மூட்டைகளை இறக்கி ஓட்டையை அடைத்தோம். இறக்கியவர் சவரிமுத்து. அந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது, கரை நின்றது.

கோடையில் கண்மாய் வற்றியதும் கொத்தனார்கள் வந்தார்கள். சேற்றுக்குள் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஊரே வந்து பார்த்தது. உடைக்கவா, சாவி வாங்கி வரவா என்று கொத்தனார் கேட்டார். "இருக்கட்டும். கல்லு மறுபடி போச்சுன்னா கைக்கு அது தட்டுப்படும்ல" என்றார் சவரிமுத்து. அப்படியே வைத்துக் கட்டினார்கள்.

இன்றைய நிலை இது. மடை கசியவில்லை. பூட்டு கான்கிரீட்டுக்குள் இருக்கிறது, சாவி அதிகாரியின் மேசை இழுப்பறையில். பித்தளைப் பெட்டி கீழ் அலமாரியில் இருக்கிறது, அப்பளம் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். குறிப்பாணை என் கோப்பில் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சவரிமுத்துவின் பெயர் பட்டியலில் முதல் வரியில் இருக்கிறது. பதிவேட்டில் 'குறை இல்லை' என்ற வரியை யாரும் அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் நான்காவது படம் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டியது நான். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.